மூடுபனியும் முன்கண்ணாடியும்: ஹல்துமுல்லை மலைப்பாதையில் ஒரு தொழில்நுட்பத்தின் சமூக வரலாறு

மலையகப் போக்குவரத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் புகையிரதப் பாதையையும் பெருந்தெருக்களையுமே பொருளாகக் கொள்வர். பாதை அமைந்த பின்னர் அதன்மீது ஓடிய வாகனம் எத்தகையது, பிறநாட்டுத் தட்பவெப்பத்திற்கென ஆக்கப்பட்ட அவ்வாகனம் இம்மலைகளுக்கு எவ்வாறு இசைவிக்கப்பட்டது, அவ்விசைவாக்கத்தைச் செய்தோர் யாவர் என்னும் வினாக்கள் அத்துணை கவனம் பெறுவதில்லை. இக்கட்டுரையில் நாம் மிகச் சிறியதெனத் தோன்றும் ஒரு விடயத்தை எடுத்துக்கொள்கிறோம். பழைய மோட்டார்க் காரின் முன்கண்ணாடியை மூடுபனியும் உறைபனியும் மறைக்காவண்ணம் காத்த முறைகளின் வரலாறே அது. ஊவா மலைப்பகுதியின் தென்விளிம்பிலுள்ள ஹல்துமுல்லையை இதற்குரிய களமாகக் கொள்கிறோம்.

கண்ணாடியில் படியும் பனி ஈரக்காற்றின் விளைவு. ஈரக்காற்றை வெப்பமூட்டி உலர்த்துதல் அதனை நீக்கும் சிறந்த வழி. இவ்வழி தோட்டப்புறத்திற்குப் புதியதன்று. மோட்டார்க் கார் தோன்றுமுன்னரே தேயிலைத் தொழிற்சாலைகளில் அது நிலைபெற்றிருந்தது. ஆதலின் ஒரே தொழில்நுட்பம் இலைக்கும் கண்ணாடிக்கும் மனிதருக்கும் எந்த வரிசையில் வந்து சேர்ந்தது என்பதை நோக்கின், தோட்டச் சமுதாயத்தின் மதிப்பீடுகள் சில புலனாகும் என்பது எமது கருத்து.

1. நிலமும் காற்றும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகக் கிழக்கு நோக்கி வரும் பெருந்தெரு ஹல்துமுல்லையைக் கடந்து பெரகலைச் சந்தியை அடைகிறது. அங்கு பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே ஏறி அப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நோக்கிச் செல்கிறது. மற்றையது கொஸ்லந்தை வழியாக இறங்கி வெல்லவாயவைச் சேர்கிறது. ஹல்துமுல்லை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்திலும், அப்புத்தளை 1,431 மீற்றர் உயரத்திலும் உள்ளன. வெல்லவாயவோ 200 மீற்றர் அளவிலேயே கிடக்கிறது. குறுகிய தூரத்தில் இத்துணை உயர வேறுபாடு அமைந்திருப்பதே இப்பகுதியின் பனிமூட்டத்திற்கு அடிப்படையாகும்.

இதனை ஓர் எளிய கணக்கினால் விளக்கலாம். தாழ்நிலத்தில் 28 பாகை செல்சியசு வெப்பமும், 22 பாகை பனிபடுநிலையும் கொண்ட காற்று ஒன்று மலைச்சரிவில் மேலெழுகிறதெனக் கொள்வோம். மேலெழும் காற்று ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறத்தாழ 1 பாகை குளிரும். அதன் பனிபடுநிலையும் உயரத்துடன் சிறிது இறங்குவதால், இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு பாகை வேறுபாட்டிற்கும் 125 மீற்றர் எனக் கொள்வது வழக்கம். 6 பாகை வேறுபாட்டிற்கு 750 மீற்றர் ஏறியதும் காற்றிலுள்ள நீராவி ஒடுங்கத் தொடங்கும். 200 மீற்றரிலிருந்து புறப்பட்ட காற்று அந்நிலையை அடையும் உயரம் 950 மீற்றர். அஃதாவது ஹல்துமுல்லைக்குச் சற்றுக் கீழே முகில் பிறக்கிறது. தாழ்நிலத்தார் அண்ணாந்து முகில் என்று காண்பதையே ஹல்துமுல்லையார் தெருவில் மூடுபனி என்று காண்கின்றனர்.

ஆண்டு முழுவதும் இந்நிலை ஒரே தன்மையதன்று. தென்மேல் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவின் பக்கம் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. கச்சான் என்று வழங்கும் இக்காற்று வீசும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையிலான காலமே ஊவாத் தேயிலை தன் தனிமணத்தைப் பெறும் பருவமாகும். ஒக்டோபரில் தொடங்கும் இடைப்பருவ மழையும், அதனைத் தொடரும் வடகீழ்ப் பருவமழையும் நிலைமையை மாற்றிவிடுகின்றன. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள மாதங்களில் வாகனம் செலுத்துவோனுக்கும் கொழுந்து பறிப்போருக்கும் ஈரமே வாழ்க்கைச் சூழலாகிறது.

வாகனத்தின் முன்கண்ணாடியைப் பொறுத்தவரை பனி என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் நான்கு வேறு தோற்றப்பாடுகளாகும். முதலாவது, பாதையின்மேல் தவழும் மூட்டம். இதனை எந்தத் துடைப்பானாலும் நீக்க இயலாது. விளக்கைத் தாழ்த்தி, வேகத்தைக் குறைத்துச் செல்வதே வழி. உயர்த்திய விளக்கின் ஒளி நுண்ணிய நீர்த்துளிகளிற் பட்டுச் சிதறிச் செலுத்துவோன் கண்ணுக்கே திரும்பிவரும். இரண்டாவது, கண்ணாடியின் வெளிப்புறத்திற் படியும் துளிகள். மூன்றாவது, உள்ளிருப்போரின் மூச்சினாலும் ஈர உடையினாலும் உட்புறத்திற் படியும் மெல்லிய படலம். நான்காவது உறைபனி. இந்நான்கையும் வேறுபடுத்தி அறியாதவன் வெளியே படிந்ததை உள்ளே துடைப்பான். உள்ளே படிந்ததற்கு வெளியே துடைப்பானை ஓட்டுவான்.

இவற்றுள் மூன்றாவதே ஹல்துமுல்லைப் பாதையில் மிகுந்த தொல்லை தருவது. ஒரு கனமீற்றர் காற்று 30 பாகையில் ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 15 பாகையில் 13 கிராம் அளவையே தாங்கும். 10 பாகையில் 9 கிராமுக்குச் சற்று மேல். வெல்லவாயவிலிருந்து ஏறும் கார் தாழ்நிலத்தின் வெப்பமான ஈரக்காற்றைத் தன்னுள் அடைத்துக்கொண்டு வருகிறது. மலைக்காற்றுப் பட்டுக் கண்ணாடி குளிர்ந்ததும் அவ்வீரம் உட்புறத்தில் ஒடுங்குகிறது. எதிர்த்திசையில் அப்புத்தளையிலிருந்து இறங்கும் காரிலோ குளிர்ந்த கண்ணாடியின்மேல் தாழ்நிலத்து ஈரக்காற்று மோதுவதால் வெளிப்புறம் மங்குகிறது. ஒரே பாதையில் ஏறும்போது உட்புறமும் இறங்கும்போது வெளிப்புறமும் மறைவது சாரதிகள் பட்டறிந்த உண்மை. பௌதிகவியல் அதனை உறுதிப்படுத்துகிறது.

2. பாதையும் வாகனமும்

ஊவாவின் தென்சரிவில் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய காலத்தில் போக்குவரத்தின் அச்சாணி மாட்டுவண்டியாகும். அப்புத்தளைப் பகுதியின் கோப்பி இரத்தினபுரிவரை வண்டியில் இறக்கப்பட்டு, அங்கிருந்து களுகங்கை வழியே படகிற் கொண்டுசெல்லப்பட்டது. இராசகாரிய முறை 1832இல் ஒழிக்கப்பட்டதெனினும், 1848ஆம் ஆண்டின் தெருச்சட்டம் வயதுவந்த ஆண்மக்கள் ஆண்டுக்கு ஆறு நாட் பாதைவேலை செய்யவேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் செலுத்தவேண்டும் என விதித்தது. தோமஸ் ஸ்கின்னர் போன்ற அதிகாரிகளின் பெயர்கள் பாதை வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. பாறையைப் பிளந்தும் கல்லுடைத்தும் மழையில் நின்ற கூலியாட்களின் பெயர்கள் இடம்பெறவில்லை.

புகையிரதம் 1893இல் அப்புத்தளையையும் 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளைக்கு அது வந்து சேர்ந்தது 1924இலேயாகும். புகையிரதம் எட்டாத ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பகுதிகளில் பெருந்தெருவின் முதன்மை குன்றவில்லை. இலங்கையில் மோட்டார்க் கார்கள் 20ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் வந்திறங்கின. கார் வைத்திருந்தோர் தமக்கெனச் சங்கமொன்றையும் 1904இல் அமைத்துக்கொண்டனர். மலைநாட்டில் குதிரையின் இடத்தைப் படிப்படியாகப் பிடித்த கார், துரையின் அந்தஸ்தைக் காட்டும் சின்னமாகவும் விளங்கியது.

தோட்டப் பாதை பொதுப்பாதையன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. பெருந்தெருவிலிருந்து பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் செல்லும் பாதை கொம்பனியின் உடைமை. அத்துமீறல் சட்டத்தின் துணைகொண்டு தொழிற்சங்கத்தாரைத் தோட்ட எல்லையிலேயே தடுக்க இயன்றது. கோ. நடேசய்யர் துணி வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுக்குட் சென்ற வரலாறு இதனாலேயே நிகழ்ந்தது. அப்பாதையில் துரை காரிற் சென்றார். தொழிலாளர் நடந்து சென்றனர். மூடுபனியில் காரின் ஒலி கேட்டதும் ஓரத்தில் ஒதுங்கவேண்டியவர் நடந்து செல்பவரே. கண்ணாடி தெளிவாக இருத்தல் உள்ளிருந்தவருக்கு வசதி. வெளியே நடந்தவருக்கு அது உயிர்ப் பிரச்சினையாகும்.

சுதந்திரத்தின் பின்னர் பிரித்தானியத் தயாரிப்பான மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன், போர்ட் முதலிய சிறு கார்கள் நடுத்தர வர்க்கத்தாரிடையேயும் பரவின. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பொருளாதாரத் திறப்பு வரையில், முன்னர் வந்த கார்களே பழுதுபார்க்கப்பட்டு ஓடின. 1948இல் அறிமுகமாகி 1971 வரை காராக ஆக்கப்பட்ட மொறிஸ் மைனர் இன்றும் இலங்கைத் தெருக்களிற் காணப்படுவதற்கு இது முதன்மைக் காரணமாகும். 2020 மார்ச்சு முதல் 2025 வரை இறக்குமதி மீண்டும் தடைப்பட்டபோது பழைய வாகனத்தைப் பேணும் அறிவு மறுபடியும் விலைமதிப்புப் பெற்றது.

3. துடைப்பானின் வரலாறு

முன்கண்ணாடித் துடைப்பானுக்கு 1903 நவம்பரில் அமெரிக்காவில் உரிமம் பெற்றவர் அலபாமாவைச் சேர்ந்த மேரி அன்டர்சன் என்னும் பெண்மணி. நியூயோர்க்கில் பனிமழை பெய்தபோது தெருத் திராம் வண்டியின் சாரதி கண்ணாடியைத் திறந்துவைத்துக் குளிரில் வருந்துவதைக் கண்டு அவர் இதனைச் சிந்தித்தார் என்பர். உள்ளிருந்து கைப்பிடியால் இயக்கும் றப்பர் விளிம்புடைய கோலே அவரது கருவி. அதனை வாங்க எந்தக் கொம்பனியும் முன்வரவில்லை. உரிமம் காலாவதியான பின்னரே துடைப்பான் பரவலாயிற்று. 1917இல் மின்னால் இயங்கும் துடைப்பானுக்கு உரிமம் பெற்ற சார்லொட் பிரிட்ஜ்வூட் என்னும் பெண்மணியும் அதனால் பொருளீட்டவில்லை. தொழிலாளியான சாரதியின் துன்பத்திலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு, உடைமையாளரின் கார்களில் இலாபமாக முதிர்ந்தமை முதலாளித்துவத் தொழில்நுட்ப வரலாற்றின் பொதுப்போக்கிற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும்.

கைத்துடைப்பானை அடுத்து வந்தது வெற்றிடத் துடைப்பான். எஞ்சினின் உள்ளிழுக்கும் குழாயிலுள்ள காற்றழுத்தக் குறைவைக் கொண்டு இயங்கும் இக்கருவி 1920களில் அமெரிக்கக் கார்களிற் பரவியது. பிரித்தானியப் போர்ட் சிறுகார்களில் 1950களிலும் நீடித்தது. மலைப்பாதைக்கு இது சிறிதும் பொருந்தாத கருவி. ஏற்றத்தில் பெற்றோலை மிகுதியாகத் திறக்கும்போது வெற்றிடம் குறைந்து துடைப்பான் தளர்ந்து நின்றுவிடும். இறக்கத்தில் காலை எடுத்ததும் விரைந்து ஆடும். ஹல்துமுல்லையிலிருந்து பெரகலைக்கு முகிலுக்குள் ஏறும் சாரதிக்குப் பார்வை மிகவும் தேவைப்படும் வேளையிலேயே துடைப்பான் கைவிட்டது. அவன் ஒரு கணம் பெற்றோலைத் தளர்த்தித் துடைப்பானை ஆடவிட்டு, மீண்டும் அழுத்த வேண்டியிருந்தது. சமவெளியில் வாழ்ந்த பொறியியலாளர் விட்ட குறையை மலைச்சாரதியின் வலக்கால் நிறைவுசெய்தது.

மொறிஸ் மைனர் போன்றவற்றில் மின்துடைப்பான் இருந்தது. அது ஏற்றத்தில் நிற்பதில்லை. ஆயினும் அதன் வேகம் ஒன்றே. மெல்லிய பனித்துளிக்கு அவ்வேகம் மிகையாதலின், உலர்ந்த கண்ணாடியில் றப்பர் உராய்ந்து கீறல் விழும். இடைவிட்டு இயங்கும் துடைப்பானுக்கு 1964இல் உரிமம் கோரிய றொபேட் கேர்ன்ஸ், போர்ட் கொம்பனி மீது 1978இல் தொடுத்த வழக்கில் 1990இலேயே இழப்பீடு பெற்றார். நம் நாட்டின் பழைய கார்களில் இக்கருவி இல்லை. மலைப்பாதைச் சாரதி தன் விரலாலேயே விசையைத் திருகி இடைவிட்டு இயக்கினான்.

4. உலர்காற்றின் பயணம்

உட்புறப் படலத்தைத் துடைப்பான் நீக்காது. அதற்கு இரண்டு வழிகளே உண்டு: உள்ளேயுள்ள ஈரக்காற்றை வெளியேற்றுதல், கண்ணாடியை வெப்பமாக்குதல். 1920களிலும் 1930களிலும் வந்த ஒஸ்ரின் செவன் முதலிய கார்களின் முன்கண்ணாடி கீல்மேல் அமைந்தது. மூட்டத்தில் அதனைத் திறந்து வெறுங்கண்ணால் நோக்கிச் செல்லலாம். கண்ணாடி அசையாது பொருத்தப்பட்ட காலத்தில் அவ்வசதி மறைந்தது. அதற்கு ஈடாக எஞ்சினின் சுடுநீரைச் சிறு குழாயுட் செலுத்தி, அதன்மேல் விசிறியால் காற்றை வீசிக் கண்ணாடியின் அடிக்கு அனுப்பும் வெப்பமூட்டி வந்தது. இது பிரித்தானியச் சிறுகார்களில் நெடுங்காலம் மேலதிக விலை கொடுத்தே பெறத்தக்க துணைக்கருவியாக இருந்தது. வெப்பநாட்டுக்கு அனுப்பும் காருக்கு வெப்பமூட்டி எதற்கு என்பது இயல்பாக எழும் எண்ணம். இலங்கை முழுவதையும் கொழும்பின் வெயிலால் அளந்த அவ்வெண்ணத்தின் விளைவை ஊவாவின் மலைப்பாதை தாங்கியது.

காற்றை வெப்பமூட்டி ஈரத்தை நீக்கும் கலை இம்மலைகளுக்கு அந்நியமானதன்று. பறித்த கொழுந்தில் முக்காற் பங்குக்கு மேல் நீரே உள்ளது. அதனை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, இறுதியில் 3 வீத அளவு ஈரம் எஞ்சும்வரை உலர்த்தவேண்டும். அசாமின் கச்சார் பகுதியில் தோட்டம் நடத்திய சாமுவேல் டேவிட்சன் 1870களின் இறுதியில் சுடுகாற்று உலர்த்தியை உருவாக்கினார். சகாராவிலிருந்து வீசும் வெங்காற்றின் பெயரால் அதற்குச் சிறொக்கோ எனப் பெயரிட்டு, 1881இல் பெல்பாஸ்ற் நகரில் தொழிற்சாலையும் நிறுவினார். மூடுபனி சூழ்ந்த மலையுச்சியில் நிற்கும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்துக்கு உலர்காற்று வீசியது. கீழே உலர்த்தியின் அடுப்பு எரிந்தது. கண்ணாடியிலிருந்து பனியை நீக்கும் கருவியும் இவ்வுலர்த்தியும் கோட்பாட்டளவில் ஒன்றே. காற்றை வெப்பமாக்கினால் அதன் ஈரந்தாங்கும் ஆற்றல் பெருகும். பெருகிய ஆற்றல் இலையிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ நீரை எடுத்துச் செல்லும்.

ஆகவே இலைக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிட்டிய உலர்காற்று, கண்ணாடிக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கிட்டியது. தொழிலாளர் வாழ்ந்த லயன் காம்பராவுக்கு அது எப்பொழுது கிட்டியது? பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி அளவினதான அவ்வறையில், ஒரு குடும்பம் முழுவதும் சமைத்து, உண்டு, உறங்கியது. புகைபோக்கி இல்லாத அடுப்பின் வெப்பமே அங்கிருந்த வெப்பமூட்டி. நனைந்த கம்பளியும் படங்கும் அவ்வடுப்பின் அருகிலேயே உலரவேண்டும். உலர்ந்த ஈரம் கதவுவழியன்றி வெளியேற வழியின்றிச் சுவரிற் படிந்தது. கம்பளியும் இலவசமன்று, அதன் விலை கூலியிற் கழிக்கப்பட்டது. ஈரம் இலையின் தரத்தைக் கெடுக்கும் என்பதை நுணுக்கமாகக் கணித்த நிர்வாகம், அதே ஈரம் மனித நெஞ்சைக் கெடுக்கும் என்பதைக் கணிக்கவில்லை. இலையின் கேடு விலையிற் புலப்பட்டது. நெஞ்சின் கேடு எந்தக் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை.

5. சாரதியின் அறிவு

வெப்பமூட்டி இல்லாத காரை மலைப்பாதையில் ஓட்டியோர், கையிலுள்ள பொருள்களைக் கொண்டு ஓர் அறிவுத் தொகுதியை வளர்த்துக்கொண்டனர். கைநூல்களிலும் வாய்மொழியிலும் உலகெங்கும் வழங்கிய இம்முறைகளை வெறும் கைவைத்தியம் எனத் தள்ளிவிடலாகாது. அவற்றுட் பெரும்பாலானவற்றிற்குத் தெளிவான விளக்கம் உண்டு.

வெட்டிய உருளைக்கிழங்கைக் கண்ணாடியில் தேய்த்தல், உலர்ந்த சவர்க்காரத்தைப் பூசித் துணியால் மெருகிடுதல், கிளிசரினை மென்மையாகத் தடவுதல், தென்னாசிய மலைப்பாதைகளிற் காணப்படுவதுபோலப் புகையிலையை நனைத்து வெளிப்புறத்திற் தேய்த்தல் ஆகியன ஒரே நோக்குடையன. நீரின் மேற்பரப்பிழுவிசையைக் குறைத்தோ, நீரை விரும்பும் படலமொன்றை உண்டாக்கியோ, துளிகள் தனித்தனியே குமிழாது ஒரே தகடாகப் பரவச் செய்கின்றன. துளி ஒவ்வொன்றும் ஒளியைச் சிதறச்செய்யும்; தகடாகப் பரவிய நீரின் ஊடாகவோ காட்சி தெரியும். நீர் அகலவில்லை, அதன் வடிவம் மாறியது என்பதே இங்குள்ள நுட்பம். இப்படலம் மழையிற் கரைந்துபோகுமாதலின் மீண்டும் மீண்டும் பூசவேண்டும்.

கண்ணாடியின் உட்புறத்தைத் தூய்மையாக வைத்தல் இவையனைத்திற்கும் முற்பட்டது. சுருட்டுப் புகையும் எண்ணெய்ப் பசையும் படிந்த இடத்தில் துளிகள் எளிதிற் குமிழ்கின்றன. கையால் துடைப்பது கையின் பசையை மேலும் பூசுவதாகும். முன்பக்க முக்கோணச் சிறுகண்ணாடியைச் சற்றே திறந்து, எதிர்ப்புறப் பின்கண்ணாடியையும் ஒரு விரற்கடை இறக்கினால் காற்று ஊடறுத்துச் செல்லும். குளிர் தாங்கமாட்டாது எல்லாவற்றையும் அடைத்துக்கொள்பவர் தம் மூச்சாலேயே தம் பார்வையை மூடிக்கொள்கின்றனர். பழைய காரில் கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் வெடித்து மழைநீர் உட்புகும். அது தரைவிரிப்பின் அடியிற் தேங்கிக் காலையில் ஆவியாகும். ஆதலின் இன்று பழைய கார் வைத்திருப்போர் படலத்தைத் துடைக்குமுன் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தல் நன்று. இரவில் உப்பு நிறைத்த துணிப்பையை உள்ளே வைப்பது ஈரத்தை ஓரளவு உறிஞ்சும். ஆனால் உப்பு தகட்டிற் படாவண்ணம் தட்டில் வைக்கவேண்டும்.

இவ்வறிவின் உடைமையாளர் யாவர் என்பதே வரலாற்று வினா. காரின் உரிமைப் பத்திரத்தில் துரையின் பெயர் இருந்தது. விடியற்காலையில் கண்ணாடியைத் துடைத்து, றப்பரைத் தடவிப் பார்த்து, எந்த வளைவில் மூட்டம் திரளும், எந்த வளைவில் காற்று அதனைக் கலைக்கும் என மனத்திற் குறித்துவைத்தவர் சாரதி. லொறிகளிலும் பஸ்களிலும் கிளீனர் எனப்பட்ட இளைஞன் ஓடும்பலகையில் நின்று, பாதையின் விளிம்பை நோக்கிக் குரல்கொடுத்தான். 1958 ஜனவரி முதலாந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானபின், மலைப்பாதையின் இவ்வறிவு பொதுமக்களின் சேவைக்கும் வந்தது. நோயாளியைத் தோட்ட லொறியில் ஏற்றிப் பனிமூட்டத்தினூடே வைத்தியசாலைக்கு இறக்கிய இரவுகளில், கண்ணாடியின் தெளிவு சாரதியின் திறமையை மட்டும் சார்ந்திருந்தது.

6. உறைபனியும் புலம்பெயர்வும்

ஹல்துமுல்லையின் உயரத்தில் உறைபனி காணப்படுவதில்லை. 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலும், ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரமுள்ள ஹோட்டன் சமவெளியிலும் ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிந்த இரவுகளில் அது விழுகிறது. மூட்டமுள்ள இரவில் உறைபனி விழாது; வானம் தெளிந்து காற்று ஓய்ந்த இரவிலேயே விழும். அத்தகைய இரவில் புல்லும் கொழுந்தும் காரின் கண்ணாடியும் தம் வெப்பத்தை வான்நோக்கி இழந்து, சூழ்ந்த காற்றிலும் குளிர்ந்துவிடுகின்றன. கூரையின் கீழோ மரத்தின் கீழோ நிறுத்திய காரில் உறைபனி படியாமைக்கும், கண்ணாடியின்மேல் சாக்கோ பழைய கம்பளியோ விரித்துவைத்தால் விடியலில் வேலை குறைவதற்கும் காரணம் இதுவே.

உறைந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றுதல் ஆபத்தானது. கண்ணாடி வெப்பத்தை எளிதிற் கடத்தாது. மேற்பரப்பு விரைந்து விரிய உட்பகுதி விரியாதாதலின் வெடிப்பு உண்டாகும். அதிலும் 1950களின் பிரித்தானியச் சிறுகார்கள் பலவற்றில் அமைந்த கடினமாக்கிய கண்ணாடி உடைந்தால் முழுவதும் வெண்ணிறத் துகள்வலையாகிப் பார்வையை முற்றாக மறைத்துவிடும். பழைய காருக்கு இன்று புதுக்கண்ணாடி தேடுவோர் இரு தகடுகளுக்கிடையே படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியைப் பொருத்துதல் நலம். உப்புநீர் உறைபனியை இளக்கும்; ஆயினும் தகட்டை அரிக்கும். மதுசாரம் கலந்த நீரும், கூரற்ற மரத்தகட்டாற் சுரண்டுதலும் பாதுகாப்பானவை.

இவ்விடத்தில் வேறோர் உண்மையையும் குறிப்பிடவேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள், 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டோருட் பலர் நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். டிசெம்பர், ஜனவரி மாதங்களில் நீலகிரியின் உயர்பகுதிகளிலும் உறைபனி விழும். குடியுரிமை மாறியது, ஈரத்தில் நின்று கொழுந்து பறிக்கும் தொழில் மாறவில்லை. மலைப்பாதையின் அறிவும் அவர்களுடன் கடல்கடந்தது.

முடிவுரை

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றின் முகாமை தனியார் கொம்பனிகளுக்கு மாறியது. உடைமை இருமுறை கைமாறியும், லயன் வரிசைகள் பல இடங்களில் நிலைத்தே உள்ளன. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவுக்குட்பட்ட கொஸ்லந்தை மீரியபெத்தையில், நீர் ஊறிய மலைச்சரிவு சரிந்து லயன் வீடுகளை மக்களோடு புதைத்தது. அச்சரிவு ஆபத்தானதென 2005இலும் 2011இலும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. ஆபத்தைக் காட்டும் அறிவு இருந்தது. அவ்வறிவின்படி மக்களை இடம்மாற்றும் பொறுப்பு நிறைவேறவில்லை. கண்ணாடியை மறைக்கும் அதே நீரே அங்கு மண்ணையும் இளக்கியது.

சுடுகாற்றால் ஈரத்தை வெல்லும் தொழில்நுட்பம் 1870கள் முதல் அறியப்பட்டது. அது ஏற்றுமதியாகும் இலைக்கு முதலிலும், உடைமையாளரின் காருக்கு அடுத்தும் பயன்பட்டது. உழைப்போரின் உறைவிடத்திற்குப் பல இடங்களில் இன்னும் வந்து சேரவில்லை. தொழில்நுட்பம் எங்கு செல்லவேண்டும் என்பதை அதன் இயல்பு தீர்மானிப்பதில்லை. உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன என்னும் கூற்றுக்கு ஹல்துமுல்லையின் பனிமூட்டம் ஒரு சான்றாகும்.

பழைய கார்களை அழகுப் பொருளாகப் பேணும் ஆர்வம் இன்று வளர்ந்துவருகிறது. அதனை நாம் வரவேற்கிறோம். அவ்வாகனங்களின் எஞ்சின் இலக்கத்தையும் ஆக்கப்பட்ட ஆண்டையும் தேடிப் பதிவோர், அவற்றை மூட்டத்தினூடே நடத்திய சாரதிகளையும் கிளீனர்களையும் தேடுதல் வேண்டும். அவர்களுள் முதியோர் இன்றும் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் கொஸ்லந்தையிலும் வாழ்கின்றனர். வளைவுகளின் பெயர்களும், பருவங்களின் குறிகளும், கண்ணாடியைக் காத்த கைமுறைகளும் அவர்களது நினைவில் மட்டுமே உள்ளன. மலையகப் பல்கலைக்கழக மாணவர்கள் தம் பெற்றோரிடமும் பாட்டனாரிடமுமிருந்து அவற்றைக் கேட்டு ஒலிப்பதிவு செய்து, ஊர்வாரியாகத் தொகுப்பார்களாயின், பாதையின் வரலாறு அதனை அமைத்த அதிகாரிகளின் வரலாறாக மட்டும் நின்றுவிடாது. அப்பணி காலந்தாழ்த்தாது தொடங்கற்பாலது.